பூட்டும் சாவியும் போதுமா?

மருந்துகள் உடலில் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை விளக்கும் எந்த நூலையாவது எடுத்துப் புரட்டிப் பாருங்கள். பாடநூலாக இருந்தாலும் சரி, பொதுமக்களுக்கென எழுதப்பட்ட கட்டுரையாக இருந்தாலும் சரி, பெரும்பாலும் ஒரே படம்தான் உங்கள் கண்ணில் படும். ஒரு பூட்டு, அதனுள் நுழையும் ஒரு சாவி. உயிரணுவின் மேலுள்ள ஏற்பி பூட்டு, மருந்து சாவி. சாவி பொருந்துகிறது, பூட்டு திறக்கிறது, வலி பறக்கிறது. அத்துடன் விளக்கம் முடிந்துவிடுகிறது.

நான் இயற்பியல் கற்பிப்பவன். மருந்தியல் என் துறையன்று. ஆயினும் வெப்ப இயக்கவியல் வகுப்பில் மூலக்கூறுகளின் பிணைப்பைப் பற்றிப் பேசும்போது இந்த உவமையை நானும் பலமுறை கையாண்டிருக்கிறேன். ஒருநாள் ஒரு மாணவி எழுந்து நின்று கேட்டாள்: "சார், நலோக்சோன் என்ற மருந்தும் மார்ஃபின் நுழையும் அதே பூட்டில்தான் நுழைகிறதாம். நன்றாகவே பொருந்துகிறதாம். அப்படியானால் அதுவும் வலியைப் போக்க வேண்டுமே? ஏன் போக்கவில்லை?"

"அது நுழையும், ஆனால் திரும்பாத சாவி, அம்மா" என்றேன்.

"ஏன் சார் திரும்பவில்லை?"

அதற்குள் மணி அடித்துவிட்டது. மணி அடிக்காமல் இருந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துக்கொண்டே வீடு திரும்பினேன். அந்த யோசனையின் விளைவே இக்கட்டுரை. பூட்டு-சாவி உவமை எதைச் சரியாகச் சொல்கிறது, எதை மறைக்கிறது, மறைப்பதால் என்ன நட்டம் என்பதை அபினி வகை மருந்துகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு பார்ப்போம். இந்த மருந்துகள் தாங்க முடியாத வலியைத் தணிப்பவை. அளவு மீறினால் மூச்சை நிறுத்துபவை. ஆகவே உவமை சரியா தவறா என்பது தேர்வு மதிப்பெண்ணோடு முடிந்துவிடும் கேள்வியன்று.

உவமைக்கு உரிய பெருமை

முதலில் நியாயமாக நடந்துகொள்வோம். இந்த உவமை வெறும் அலங்காரமாகப் பிறந்ததன்று. 1894ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலறிஞர் எமில் ஃபிஷர், ஒரு நொதி ஏன் ஒரு குறிப்பிட்ட சர்க்கரையை மட்டும் தாக்குகிறது, அதைப் போன்ற மற்றொன்றைத் தொடுவதில்லை என்பதை விளக்கப் பூட்டையும் சாவியையும் துணைக்கழைத்தார். 1905இல் இங்கிலாந்தின் லாங்லி, நிக்கோட்டினும் குராரேயும் தசையில் வேலை செய்யும் விதத்தை ஆராய்ந்து, அங்கே மருந்தை ஏற்கும் பொருள் ஒன்று இருக்கவேண்டும் என்றார். ஏற்பி என்ற கருத்து இவ்வாறு வளர்ந்தது.

அபினி மருந்துகளில் இந்த உவமை பெரிய வெற்றி கண்டது. நம் வலக்கையும் இடக்கையும் போல, ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமாக உள்ள மூலக்கூறுகள் உண்டல்லவா? இயற்கையில் கிடைக்கும் மார்ஃபின் இடஞ்சுழி வகை. அதுவே வலியைத் தணிக்கும். அதன் ஆடிப் பிம்பத்துக்கு அந்த ஆற்றல் ஏறக்குறைய இல்லை. அணுக்கள் அவையே, எடையும் அதுவே. கைத்தன்மை மட்டும் வேறு. வலக்கைக்குரிய உறையில் இடக்கை நுழையாதது போலத்தான் இது. எனவே மூளையில் குறிப்பிட்ட வடிவமுள்ள ஓர் இடம் இருக்கவேண்டும் என்று ஊகிக்க முடிந்தது.

அந்த ஊகம் 1973இல் மெய்ப்பிக்கப்பட்டது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டேஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும், நியூயார்க்கில் எரிக் சைமன் குழுவினரும், சுவீடனின் உப்சாலாவில் லார்ஸ் டெரேனியசும், கதிரியக்க அடையாளமிட்ட மருந்துகளைக் கொண்டு அந்த ஏற்பியைத் தனித்தனியே கண்டறிந்தனர். கசகசாச் செடியின் பாலுக்கு நம் மூளையில் ஏன் ஓர் இடம் இருக்கவேண்டும்? உடலே அப்படி ஒரு பொருளைச் செய்கிறதோ? 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்சும் என்கெஃபலின்களைக் கண்டுபிடித்து விடை தந்தனர். ஆம், உடலே சாவி செய்கிறது!

இவ்வளவு சாதித்த உவமையைக் குறைகூறலாமா? கூறலாம். ஒரு கேள்விக்கு நல்ல விடை தந்த உவமை, அடுத்த கேள்விக்கும் விடை தரும் என்று எண்ணிவிடுகிறோமே, அங்குதான் கோளாறு.

உவமை எங்கே உடைகிறது?

மார்ஃபினைவிட வலிமை மிக்க ஆக்சிமார்ஃபோன் என்ற வலி நீக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நைட்ரஜன் அணுவில் ஒரு மீதைல் தொகுதி இருக்கிறது. அதை நீக்கிவிட்டு, மூன்று கார்பன் அணுக்கள் கொண்ட அல்லைல் தொகுதியை அங்கே பொருத்துங்கள். கிடைப்பதுதான் நலோக்சோன். அது ஏற்பியில் இறுக்கமாகவே பிணைகிறது. ஆனால் வலியைப் போக்குவதில்லை. மார்ஃபினின் செயலையும் தடுத்துவிடுகிறது. முதல் வகையைத் தூண்டி என்றும், இரண்டாம் வகையைத் தடுப்பி என்றும் அழைப்போம்.

இரண்டுக்கும் நடுவில் புப்ரினார்ஃபின் நிற்கிறது. அது மார்ஃபினைவிட இறுக்கமாகப் பிணைகிறது. ஆயினும் ஏற்பியை முழுமையாகத் தூண்டுவதில்லை. அதாவது, பொருத்தம் வேறு, பலன் வேறு. 1956இலேயே ஆர். பி. ஸ்டீஃபன்சன் என்ற மருந்தியலறிஞர், பிணையும் திறனையும் பிணைந்தபின் செயலை விளைவிக்கும் திறனையும் பிரித்துப் பேசவேண்டும் என்று வற்புறுத்தினார். பூட்டு-சாவிப் படத்தில் இந்த இரண்டாவது திறனுக்கு இடமே இல்லை. "திரும்பாத சாவி" என்று நான் சொன்னது விளக்கமன்று. அறியாமைக்கு இட்ட பெயர்.

இன்னும் வியப்பானது ஒன்று உண்டு. ஏற்பி கண்டறியப்பட்ட அதே 1973இல், பெர்ட், பாஸ்டர்நாக், ஸ்னைடர் மூவரும் ஒரு சோதனையை வெளியிட்டனர். மூளைத் திசுவுள்ள கரைசலில் சோடியம் அயனிகளைச் சேர்த்தார்கள். நம் சமையல் உப்பில் உள்ள அதே சோடியம்தான். உடனே தூண்டிகளின் பிணைப்பு தளர்ந்தது. தடுப்பிகளின் பிணைப்போ தளரவில்லை. பூட்டு மாறாத இரும்பாக இருந்தால், உப்பைத் தூவியதும் ஒரு வகைச் சாவி மட்டும் வழுக்குவானேன்? ஏற்பிக்கு ஒரே வடிவம் இல்லை. குறைந்தது இரண்டாவது இருக்கவேண்டும். சோடியம் அவற்றில் ஒன்றின் பக்கம் சாய்கிறது என்பதே நேரான முடிவு. பூட்டு கண்டெடுக்கப்பட்ட ஆண்டிலேயே அது பூட்டு அன்று என்பதற்கும் சான்று கிடைத்துவிட்டது. எனினும் நம் நூல்கள் முதல் செய்தியை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டன.

உள்ளே நடப்பது என்ன?

இனி உண்மையான ஏற்பியைப் பார்ப்போம். மார்ஃபின் முதன்மையாகப் பிணையும் ஏற்பிக்கு 'மியூ' என்று பெயர். மனிதரிடம் அது 400 அமினோ அமிலங்களால் ஆன புரதம். உயிரணுவின் சவ்வை உள்ளும் புறமுமாக ஏழு முறை துளைத்துச் செல்லும் ஏழு சுருள்கள் அதில் உள்ளன. மருந்து வெளிப்புறத்திலிருந்து வந்து சுருள்களுக்கு நடுவேயுள்ள குழியில் அமர்கிறது. அதன் நைட்ரஜன் நேர்மின்னேற்றம் பெற்றிருக்கும். குழியிலுள்ள ஓர் அஸ்பார்ட்டிக் அமிலம் எதிர்மின்னேற்றம் கொண்டிருக்கும். அவை ஒன்றையொன்று ஈர்க்கின்றன. கூலும் விதி அங்கேயும் பொய்க்கவில்லை!

சவ்வின் உட்புறத்தில் ஜி-புரதம் என்ற செய்தியாளர் காத்திருக்கிறார். ஆல்ஃபா, பீட்டா, காமா என மூன்று உறுப்புகள் கொண்ட அது, ஓய்வில் இருக்கும்போது குவனோசின் டைபாஸ்பேட்டைப் பற்றிக்கொண்டிருக்கும். ஏற்பி தூண்டப்படும்போது அதன் ஆறாவது சுருளின் உள்முனை சுமார் 10 ஆங்ஸ்ட்ராம் வெளிநோக்கி நகர்கிறது. அந்த இடைவெளியில் ஜி-புரதம் வந்து செருகிக்கொள்கிறது. கையிலிருந்த டைபாஸ்பேட்டை நழுவவிட்டு, மூன்று பாஸ்பேட் கொண்ட டிரைபாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்கிறது. ஆல்ஃபா ஒரு பக்கமும் பீட்டா-காமா மறுபக்கமுமாகப் பிரிகிறது. ஆல்ஃபா, சுழல் ஏ.எம்.பி. என்ற உள்தூதுப் பொருளின் உற்பத்தியைக் குறைக்கிறது. பீட்டா-காமா, பொட்டாசியம் வெளியேறும் வாய்க்கால்களைத் திறக்கிறது. கால்சியம் உள்ளே வரும் வாய்க்கால்களை அடக்குகிறது. நரம்பணுவின் மின்னழுத்தம் மேலும் எதிர்ப்பக்கம் இறங்குகிறது. அது வலிச் செய்தியை அடுத்த அணுவுக்கு அனுப்புவது குறைகிறது. ஏற்பி அதோடு ஓய்வதில்லை. ஒரு ஜி-புரதத்தை அனுப்பிவிட்டு அடுத்ததற்குத் தயாராகிறது. ஜி-புரதங்களைக் கண்டறிந்த கில்மனுக்கும் ராட்பெல்லுக்கும் 1994இலும், இத்தகைய ஏற்பிகளை ஆராய்ந்த லெஃப்கோவிட்சுக்கும் கோபில்காவுக்கும் 2012இலும் நோபல் பரிசுகள் கிடைத்தன.

இவை வெறும் ஊகங்கள் அல்ல. 2012இல் தடுப்பியுடன் பிணைந்த மியூ ஏற்பியின் படிக அமைப்பும், 2015இல் தூண்டப்பட்ட நிலையின் அமைப்பும், 2018இல் ஜி-புரதத்துடன் சேர்ந்த அமைப்பும் வெளியாயின. தூண்டி மட்டும் வந்து அமர்ந்தால் ஏற்பி முழுமையாக அந்த நிலைக்கு வந்துவிடுவதில்லை, உட்புறத்தில் துணைப் புரதமும் வந்து பிடிக்க வேண்டும் என்பதையும் 2015இன் ஆய்வுகள் காட்டின. வெளியே சாவி, உள்ளே ஒரு கை. இரண்டும் சேர்ந்தால்தான் காரியம் நடக்கிறது.

இங்கேதான் இயற்பியல் உதவிக்கு வருகிறது. நம் உடலின் 37 டிகிரி வெப்பத்தில் வெப்ப இயக்கத்தின் அளவுகோல் 1 மோலுக்குச் சுமார் 2.6 கிலோஜூல். ஏற்பி ஓரிடத்தில் சும்மா நிற்பதில்லை; இடைவிடாமல் அதிர்கிறது, வளைகிறது, நிலை மாறுகிறது. ஒரு கணக்குக்காக, தூண்டப்பட்ட நிலை ஓய்வு நிலையைவிட 12 கிலோஜூல் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். போல்ட்ஸ்மன் விதிப்படி ஓய்வில் சுமார் 100 ஏற்பிகள் இருந்தால் தூண்டப்பட்ட நிலையில் ஒன்று இருக்கும். இப்போது, தூண்டப்பட்ட நிலையோடு 100 மடங்கு இறுக்கமாகப் பிணையும் ஒரு மருந்து வந்து எல்லா ஏற்பிகளிலும் அமர்ந்தால், விகிதம் ஒன்றுக்கு ஒன்று ஆகிவிடும். இரு நிலைகளோடும் சமமாகப் பிணையும் மருந்து வந்தால் விகிதம் மாறாது. இடம் மட்டும் அடைபடும். பத்து மடங்கு மட்டும் வேறுபடுத்தும் மருந்தானால் பலன் இடையில் நிற்கும். தூண்டி, தடுப்பி, புப்ரினார்ஃபின் போன்ற பகுதித் தூண்டி, மூன்றும் ஒரே கணக்கில் வந்துவிட்டன, பார்த்தீர்களா? மாணவியின் "ஏன்" என்ற கேள்விக்கு விடை இதுதான். மருந்து எதையும் திருப்புவதில்லை. தானே ஆடிக்கொண்டிருப்பதை ஒரு பக்கமாகச் சாய்க்கிறது.

உவமை வேண்டுமென்றால், காற்றில் அடித்துக்கொள்ளும் ஜன்னல் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். தூண்டி அதைத் திறந்த நிலையில் பிடிக்கும் கொக்கி. தடுப்பி, கொக்கி மாட்டும் வளையத்தை அடைத்துக்கொள்ளும் சக்கை. இதுவும் முழு உவமை அல்ல. ஜன்னல் யாருக்கும் செய்தி அனுப்புவதில்லை. ஆனால் காற்று உண்டு என்பதையாவது இது மறைக்கவில்லை.

உயிரோடு விளையாடும் பிழை

"உவமைதானே ஐயா, இதற்கு ஏன் இத்தனை ஆரவாரம்?" என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

அபினி மருந்து மிகையாகி மூச்சு அடங்கும் ஒருவருக்கு நலோக்சோன் கொடுக்கிறார்கள். சில நிமிடங்களில் மூச்சு திரும்புகிறது. "நலோக்சோன் சாவியைப் பிடுங்கி எறிந்துவிட்டது" என்று எழுதுகிறோம். அது பிடுங்குவதில்லை. மருந்து மூலக்கூறு வெப்ப இயக்கத்தால் தானாகக் கழன்று வெளியேறுகிறது. காலியான இடத்தை நலோக்சோன் பிடித்துக்கொள்கிறது. எது அதிகமாக இருக்கிறதோ, எது இறுக்கமாகப் பிணைகிறதோ, அதற்கே இடம். முதல் மருந்து உடலை விட்டுப் போய்விடவில்லை. இரத்தத்தில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. நலோக்சோனின் வேலை பொதுவாக 30 முதல் 90 நிமிடத்தில் தேய்ந்துவிடும். அதற்குமேல் நீடிக்கும் மருந்தை உட்கொண்டவர் மீண்டும் மயக்கத்தில் ஆழக்கூடும். "சாவி போய்விட்டது, ஆபத்தும் போய்விட்டது" என்று எண்ணி அவரைத் தனியே விட்டுச் செல்வது எத்தகைய பிழை! மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும், உடனிருந்து கவனிக்க வேண்டும், மீண்டும் மருந்து தேவைப்படலாம் என்பதெல்லாம் போட்டிக் கணக்கிலிருந்து நேராக வருபவை.

மற்றொன்று. பூட்டைப் பலமுறை திறந்தாலும் அது பூட்டாகவே இருக்கும். ஏற்பியோ தொடர்ந்து தூண்டப்பட்டால் மாறுகிறது. அதன் உள்வாலில் பாஸ்பேட்டுகள் ஏறுகின்றன. அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஒட்டுகிறது. ஏற்பி உணர்ச்சி மழுங்குகிறது. உயிரணுவும் ஈடுகட்ட முனைந்து, அடக்கப்பட்ட சுழல் ஏ.எம்.பி. உற்பத்தியை உயர்த்துகிறது. அதனால் அதே பலனுக்கு அதிக அளவு தேவைப்படுகிறது. மருந்தை நிறுத்தினால் இந்த மாற்றங்கள் நாளடைவில் மறைகின்றன. சில வாரங்கள் விலகியிருந்தவர் பழைய அளவையே மீண்டும் எடுத்துக்கொண்டால், நேற்று தாங்கிய அளவு இன்று கொல்லும். மாறாத பூட்டு என்ற படம் மனத்தில் இருப்பவருக்கு இந்த எச்சரிக்கை புரியவே புரியாது.

நல்ல சாவியைத் தேடிய கதை

ஆராய்ச்சியாளர்களும் இந்த மயக்கத்துக்கு விலக்கல்லர். வலியைப் போக்கும், ஆனால் அடிமையாக்காத 'சரியான சாவி' ஒன்று எங்கோ இருக்கிறது என்ற நம்பிக்கை மிகப் பழையது. 1898இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் ஹெராயினை இருமல் மருந்தாக விற்கத் தொடங்கியபோது, மார்ஃபினைப் போல அது அடிமையாக்காது என்று கருதப்பட்டது. அதன் முடிவை உலகம் அறியும்.

அண்மைக் காலத்தில் பூட்டு-சாவிக்குப் பதிலாக 'இரு பாதை' உவமை வந்தது. 1999இல், அரெஸ்டின் வகை ஒன்று இல்லாத எலிகளில் மார்ஃபினின் வலி நீக்கம் கூடுதலாக இருப்பது தெரிந்தது. 2005இல், அத்தகைய எலிகளில் மூச்சு அடங்குதலும் குறைவு என்ற முடிவு வந்தது. உடனே, "ஜி-புரதப் பாதை நல்லது, அரெஸ்டின் பாதை கெட்டது, முதல் பாதையை மட்டும் திறக்கும் மருந்தே வேண்டும்" என்ற சித்திரம் உருவாயிற்று. 2016இல் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மூலக்கூறுகளைக் கணிப்பொறியில் பொருத்திப் பார்த்து 'பி.இசட்.எம்.21' என்ற பொருளைக் கண்டெடுத்தனர். கணிப்பொறித் திறனுக்கு அது சிறந்த சான்று. ஆனால் 2018இல், அப்பொருளும் எலிகளின் மூச்சை அடக்குகிறது என்று வேறு ஆய்வாளர்கள் காட்டினர். 2020இல் வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த மூன்று ஆய்வகங்கள் அரெஸ்டின் இல்லாத எலிகளைக் கொண்டு மீண்டும் சோதித்தன. மார்ஃபின் அவற்றின் மூச்சையும் அடக்கவே செய்தது. அதே ஆண்டில் ஆலிசெரிடின் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மூச்சடங்கல், அடிமையாதல் பற்றிய வழக்கமான எச்சரிக்கைகள் அதன் மீதும் பொறிக்கப்பட்டுள்ளன. இவ்வகை மருந்துகள் சற்றுப் பாதுகாப்பாகத் தோன்றுவதற்குக் காரணம் பாதைத் தேர்வு அன்று, அவை ஏற்பியை அரைகுறையாகவே தூண்டுவதுதான் என்ற விளக்கமும் வலுப்பெற்றுள்ளது.

இதில் வியக்க என்ன இருக்கிறது? முதுகுத் தண்டில் வலிச் செய்தியைக் கடத்தும் நரம்பணுவின் மீதும், மூளைத் தண்டில் மூச்சின் தாளத்தை ஆக்கும் நரம்பணுவின் மீதும் இருப்பது ஒரே மியூ ஏற்பிதான். இரண்டையும் அடக்குவது ஒரே ஜி-புரதச் செய்திதான். நன்மையும் தீமையும் மருந்தின் வடிவில் மட்டும் இல்லை. அது போய்ச் சேரும் அணு எங்கே இருக்கிறது என்பதிலும் இருக்கிறது. பூட்டையே உற்றுப் பார்த்தவர்கள், அது எந்த வீட்டின் பூட்டு என்று கேட்க மறந்தார்கள்.

ஒரு வேண்டுகோள்

இதைப் படித்துவிட்டு மார்ஃபின் என்றாலே அஞ்ச வேண்டாம். புற்றுநோயின் கடும் வலிக்கு அது இன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளது. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால் நோயாளிகளுக்கு அது கிடைப்பது அரிதாகி, 2014இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. மருத்துவர் அளவறிந்து கொடுத்து, பலனைப் பார்த்து அளவை மாற்றி வரும் மருந்து அது. ஒருமுறை திறந்தால் மூடவே முடியாத கதவு என்று அதை எண்ணி, வலியில் துடிப்பவருக்கு மறுப்பதும் உவமையால் வந்த கொடுமையே.

மாணவர்களே, உவமையை வெறுக்காதீர்கள், விசாரியுங்கள். எந்த உவமையைக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது எந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்தது? இதில் அசையாமல் வரையப்பட்டிருப்பது உண்மையில் அசைகிறதா? இது தவறு என்று காட்டக்கூடிய சோதனை ஏதேனும் நடந்திருக்கிறதா? பூட்டு-சாவி முதல் கேள்வியில் தேறுகிறது. மற்ற இரண்டிலும் தவறுகிறது.

அந்த மாணவியிடம் மறு வகுப்பிலேயே என் பழைய விடையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். கரும்பலகையில் பூட்டை அழித்துவிட்டுப் போல்ட்ஸ்மன் சூத்திரத்தை எழுதினேன். அவள் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அப்படியானால் மருந்தே இல்லாதபோதும் சில ஏற்பிகள் தாமாகவே தூண்டப்பட்டிருக்குமா சார்?" என்று கேட்டாள்.

ஆம், இருக்கும். ஆய்வகத்தில் அதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பூட்டை வரைந்துகொண்டிருந்த வரையில் அந்தக் கேள்வி எவருக்கும் தோன்றியிராது.